துயரின் இரு வகைகள்: அல்பல்கீயின் நூலும் ஃபுளுவாக்ஸெடினும்

அரபு மொழி துயரத்தை ஒரே சொல்லில் அடக்குவதில்லை. வரப்போவதை எண்ணி மனம் கலங்குவது 'ஹம்மு'. நடந்து முடிந்ததை எண்ணி வாடுவது 'ஹுஸ்னு'. நெஞ்சை மூடிக்கொண்டு மூச்சு முட்டச் செய்வது 'கம்மு'. மேகத்தைக் குறிக்கும் 'கமாம்' என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹம்மு, ஹுஸ்னு இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி அவற்றிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பெயர் வேறாயின் பொருளும் வேறு. பொருள் வேறாயின் பரிகாரமும் வேறாக இருத்தல் கூடும்.

இந்த வேறுபாட்டை நாம் இழந்து வருகிறோம். மஞ்சளை விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை கூறும் நாமகிரிப்பேட்டையில் கூட மனிதத் துயரத்தை மட்டும் ஒரே மூட்டையில் கட்டி 'டிப்ரஷன்' என்று முத்திரையிடுகிறார்கள். அதன்பின் இரண்டு தீர்ப்புகள் எழுகின்றன. மனச்சோர்வு என்பது ஈமானின் பலவீனம், ஓதிப் பார்த்தால் போதும், மாத்திரை தேவையில்லை என்பது ஒன்று. மனச்சோர்வு என்பது மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைந்ததால் வருவது, மாத்திரை விழுங்கினால் போதும், வேறு எதுவும் தேவையில்லை என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. துயருற்றவரிடம் "உமக்கு என்ன நேர்ந்தது?" என்று இரண்டுமே கேட்பதில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அரபு நூலை அளவுகோலாகக் கொண்டு இத்தீர்ப்புகளை ஆராய்வதும், அந்த நூலையே இன்றைய அறிவைக் கொண்டு ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் மாணவரும்

அரபுத் தத்துவஞானி அல்கிந்தி துயரங்களை விலக்கும் உபாயம் பற்றி ஒரு சிற்றேடு எழுதினார். விரும்பியதை இழப்பதாலோ, நாடியதை அடையாததாலோ ஆன்மாவுக்கு உண்டாகும் வலியே துயரம் என்பது அவரது வரையறை. ஆகவே மருந்தும் அறிவிலிருந்தே வருகிறது. அழியும் உலகில் அழியாததை எதிர்பார்ப்பது தவறு என்று உணர்ந்துவிட்டால் துயரம் நீங்கும் என்கிறார். சீரான வாதம்தான். ஆனால் எதையும் இழக்காதவன், எதையும் நாடித் தோற்காதவன் விடியற்காலையில் எழ இயலாமல் பாயில் கிடந்து அழுகிறானே, அவனுக்கு இந்த ஏட்டில் இடமில்லை.

அந்த இடத்தை அளித்தவர் கிந்தியின் மாணவராக அறியப்படும் அபூ ஸைத் அல்பல்கீ. ஹிஜ்ரி 322-இல், அதாவது கி.பி. 934-இல் மறைந்த இவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூல் உடல்நலம், மனநலம் என இரு பாகங்களாக அமைந்தது. இஸ்தான்புல் அயாசோஃபியா நூலகத்தின் கையெழுத்துப் பிரதியை ஃபுவாத் ஸெஸ்கின் 1984-இல் நிழற்பதிப்பாக வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி அதன் மனநலப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-இல் வெளியிட்ட பின்னரே உலகம் இந்நூலைப் பரவலாகப் பேசத் தொடங்கியது.

துயரம் பற்றிய இயலில் பல்கீ அதை இரண்டாகப் பிரிக்கிறார். உற்றாரையோ உடைமையையோ இழந்ததால் வரும், காரணம் தெரிந்த துயரம் முதல் வகை. காரணம் இன்னதென்று அறியாமல் மனிதனைக் கவ்வி, செயலையும் இன்பத்தையும் அவனிடமிருந்து பறிக்கும் துயரம் இரண்டாம் வகை. முதலாவதற்கு நல்லுரையும் சிந்தனையும் மருந்து. இரண்டாவது உடலிலிருந்து, இரத்தத்தின் குளிர்ச்சியிலிருந்தும் தூய்மைக் குறைவிலிருந்தும் எழுவதால், அதற்கு உடல் மருத்துவம் வேண்டும். அத்துடன் மனமகிழ்வூட்டும் உரையாடலும் துணையும் வேண்டும் என்கிறார். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் ஓரடி முன்னே சென்றார் எனலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. "இன்றைய மருத்துவம் கண்டதை அன்றே நாம் சொல்லிவிட்டோம்" என்று மார்தட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. பல்கீ கூறிய குளிர்ந்த இரத்தம் இன்றைய செரடோனின் அன்று. அவருடைய பரிகார முறைகள் அக்காலத்தவை. அவரது பெருமை விடையில் இல்லை, வினாவில் இருக்கிறது. இத்துயரத்துக்குக் காரணம் உண்டா, இல்லையா என்று கேட்ட பிறகே அவர் மருந்தைப் பற்றிப் பேசினார்.

மாத்திரையின் கதை

இனி மாத்திரைக்கு வருவோம். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் உருவாக்கிய ஃபுளுவாக்ஸெடின் 1987 டிசம்பரில் அந்நாட்டின் ஒப்புதலைப் பெற்று 'புரோசாக்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பழைய மருந்துகளில் அளவு மிகுந்தால் இதயம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரிடும். அவ்வகையில் இது அவற்றினும் பாதுகாப்பானதாக இருந்ததால் வேகமாகப் பரவியது. மனச்சோர்வுக்கு மட்டுமன்றி, உளூச் செய்தேனா இல்லையா என்று மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டே இருக்கும் வஸ்வாஸ் போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கும், திடீர்ப் பீதி நோய்க்கும் இது தரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்திய அரசின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ள இது, இன்று இந்தியாவில் பல நிறுவனங்களால் குறைந்த விலையில் தயாரிக்கப்படுகிறது.

இதன் குணம் அறியாமல் உண்பதே பல சிக்கல்களுக்கு வித்தாகிறது. இது தலைவலி மாத்திரை போல அன்றே பலன் தருவதில்லை. இரண்டு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவையோ முதல் வாரத்திலேயே தோன்றலாம். பயன் தெரியுமுன் துன்பம் தெரிவதால், நம்மவர் பலர் பத்தாம் நாளில் நிறுத்திவிட்டு, மருந்து பயனற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். இல்லற நாட்டம் குறைவது பலருக்கு நேரும் விளைவு. வெட்கத்தால் மருத்துவரிடம் அதைச் சொல்வதில்லை. முதியோருக்கு உடலில் உப்புச்சத்து குறையலாம். ஆஸ்பிரின் போன்றவற்றுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் நோயாளிக்கு இதை மட்டும் தனியே கொடுத்தால் எழுச்சி நிலை தூண்டப்படலாம். பழகிவிட்டால் போதையாகிவிடும் என்ற அச்சம் பொருத்தமற்றது. எனினும் மருத்துவரைக் கேளாமல் தாமாகவே நிறுத்துவதும் தகாது.

யாவற்றினும் கனமானது இளையோர் பற்றிய எச்சரிக்கை. சோர்வு நீக்கும் மருந்துகளை உண்ணும் சிறுவர், வளரிளம் பருவத்தினர் சிலரிடம் தற்கொலை எண்ணம் மிகுவதைக் கண்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2004-இல் மருந்துறையில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது. 2007-இல் அது 24 வயது வரையுள்ளோருக்கும் விரிவாக்கப்பட்டது. இதனால் இளையோருக்கு மருந்தே கூடாதென்பதில்லை. தொடங்கும் வாரங்களிலும் அளவை மாற்றும் வேளைகளிலும் வீட்டார் கண் அவர்கள்மீது இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் யாருக்கும் தெரியாமல் இம்மருந்தை உண்பது எவ்வளவு அபாயம் என்பதைக் கல்விக்கூடம் நடத்துவோர் சிந்திக்கட்டும்.

தத்லீஸ்

ஹதீஸ் கலை கற்றோர் 'தத்லீஸ்' என்ற குற்றத்தை அறிவர். அறிவிப்பாளர் தொடரிலுள்ள குறையை மறைத்து, அது குறையற்றதெனத் தோன்றும்படி அறிவிப்பது அது. மருந்துலகிலும் அது நிகழ்ந்தது. 12 சோர்வு நீக்கிகள் தொடர்பாக அமெரிக்க அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழுவினர் தேடிச் சென்று 2008-இல் முடிவை வெளியிட்டனர். சாதகமான 38 ஆய்வுகளில் 37 அச்சேறியிருந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்துக்குரிய 36 ஆய்வுகளில் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போலத் திரித்து வெளியிடப்பட்டிருந்தன. உள்ளபடி வெளிவந்தவை மூன்றே. இமாம்கள் ஒரு ராவியின் குறையை வெளிப்படுத்தியது புறம் பேசுவதாகாது, மார்க்கத்துக்குச் செய்த சேவையே என்று நாம் கற்பிக்கிறோம். டர்னர் செய்ததும் அவ்வகைப் பணியே.

மறைக்கப்பட்டவற்றையும் சேர்த்து எடைபோட்டால் மிஞ்சுவது என்ன? இர்விங் கிர்ஷ் குழுவினரின் 2008 ஆய்வு, மிதமான சோர்வில் இம்மருந்துகளுக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையிலான வேறுபாடு சிறிது என்றும், மிகக் கடுமையான சோர்விலேயே அது பொருட்படுத்தத்தக்கது என்றும் கண்டது. 522 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான சிப்ரியானி குழுவினரின் ஆய்வோ, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையினும் மேல் என்றது. அவற்றுள் ஃபுளுவாக்ஸெடின் ஆற்றலில் முன்வரிசையில் இல்லை. ஆனால் நோயாளிகள் இடையில் கைவிடாமல் தாங்கிக்கொண்ட மருந்துகளுள் ஒன்று. 2022-இல் ஜோஆனா மோன்கிரீஃப் குழுவினர், செரடோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று எழுதினர். இதைக் கொண்டு மருந்தே பொய் என்று முழங்குவோர் அவசரப்படுகிறார்கள். நோயின் காரணம் தெரியாதபோதும் மருந்து பயன் தரக்கூடும். பொய்த்துப்போனது, வேதிப்பொருள் குறைந்தது, மாத்திரை நிரப்பியது என்ற அந்த எளிய விற்பனைக் கதையே.

நூலின் எல்லை

1980-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் வகைப்பாட்டு நூல், காரணத்தை ஒதுக்கி அறிகுறிகளை எண்ணும் முறையைக் கொணர்ந்தது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு நோய் என்ற வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. அப்போதும் உற்றாரை இழந்தவருக்கு ஒரு விலக்கு இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவ்விலக்கும் நீக்கப்பட்டது. இயல்பான துக்கத்தையே நோயாக்கிவிட்டார்கள் என்ற கண்டனம் எழுந்தது. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா வகுத்த ஷரீஅத்தைப் படிப்பவர்க்கு இக்கண்டனம் எளிதில் விளங்கும். பதினைந்தாம் நாளில் அவள் அழுவதை நோயென்று சொல்ல நம் மனம் ஒப்பாது. பல்கீயும் ஒப்பமாட்டார்.

ஆனால் பல்கீயின் பிரிவினையும் இங்கு ஓரிடத்தில் தடுமாறுகிறது. காரணம் தெரிந்த துயரத்துக்கு நல்லுரை, காரணம் தெரியாததற்கு மருந்து என்று கோடு கிழித்துவிட்டால் யஃகூப் (அலை) அவர்களின் துயரத்தை எப்பக்கம் வைப்பது? காரணம் தெளிவு, மகனை இழந்தார்கள். ஆயினும் துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாகத் திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயம் கூறுகிறது. காரணமுள்ள துயரமும் உடலைத் தாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அழகிய பொறுமை கொண்ட ஒரு நபிக்கே அது நேர்ந்ததெனில், சோர்வுற்றவனை ஈமான் குறைந்தவன் என்பவர் தம் நாவைக் காத்துக்கொள்ளட்டும். விலக்கை நீக்கிய மருத்துவர்கள் கூறிய நியாயமும் இதை ஒட்டியதே: இழப்பால் தொடங்கிய சோர்வு கடும் நோயாக முற்றிவிட்டால், காரணம் இருக்கிறது என்பதற்காகவே மருத்துவத்தை மறுக்கலாகாது.

ஆகவே காரணத்தைக் கேட்பது கட்டாயம். காரணத்தோடு நின்றுவிடுவது போதாது. எவ்வளவு நாள், எவ்வளவு கடுமை, உண்ணவும் உறங்கவும் தொழவும் தொழில் பார்க்கவும் முடிகிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் எழுகிறதா என்ற கேள்விகளும் சேர வேண்டும். பல்கீயின் பிரிவினையோடு இவையும் சேரும்போதே அது இன்றைக்குப் பயன்படும்.

நம் பொறுப்பு

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதற்குரியதன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவின் அருகே இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீக்கிரையானது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கெடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது. குஜராத்தின் உனாவா மீரா தாத்தார் தர்காவில் 2008-இல் தொடங்கிய 'தவா–துஆ' முறை, அதாவது பிரார்த்தனைக்கு வருவோருக்கு அங்கேயே மருத்துவமும் அளிக்கும் ஏற்பாடு, பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆவும் தவாவும் எதிரிகள் என்ற எண்ணம் உயிர்களைக் குடித்த மண்ணிலேயே அவை ஒரு வளாகத்தில் கூடியிருக்கின்றன.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமவாசிகளிடம் செய்துகொள்ளுமாறே நபிகளார் (ஸல்) கூறினார்கள். முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்றார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் துக்க வீட்டாருக்கு 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சி சமைத்துக் கொடுத்து வந்தார்கள். துக்கத்துக்கு ஆறுதல் சொல்லோடு கஞ்சியும் கொடுத்த மரபு, உடலையும் உள்ளத்தையும் பிரித்துப் பார்க்காத மரபு.

மிம்பரில் நிற்போர் இதை எடுத்துரைத்தால் பல வீடுகளில் வெளிச்சம் வரும். ஓதிப் பார்க்க வருபவரை ஓதி அனுப்புவதோடு, எத்தனை நாளாக உறங்கவில்லை என்றும் கேட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டலாம். 2022-இல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். நாளுக்கு ஒருமுறை உண்ணும் மருந்தாயின் ரமழானில் ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ள மருத்துவரைக் கேட்கச் சொல்லலாம். உறையிலுள்ள ஜெலட்டின் பற்றி ஐயமுள்ளவர், மருந்தையே விட்டுவிடாமல், அதே மருந்து மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று கேட்கலாம்.

மருத்துவர்களிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. விலை வீழ்ந்து கடனில் மூழ்கிய விவசாயிக்கும், மாமியார் வீட்டில் அடிபடும் பெண்ணுக்கும், காரணமறியாமல் வாடும் இளைஞனுக்கும் ஒரே சீட்டை எழுதாதீர்கள். கடனையும் அடியையும் மாத்திரை தீர்க்காது. அவற்றைத் தீர்க்கும் கடமை ஜமாஅத்துக்கும் ஊருக்கும் உரியது. மாத்திரையை அதற்கான மூடியாக்கிவிட்டால் அக்கடமை மறந்துபோகும்.

அமைதியான நாட்களில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும், உடல்நலமுள்ளவன் அவசரத்துக்கு மருந்தைச் சேமித்து வைப்பது போல என்று பல்கீ அறிவுறுத்துகிறார். தனி மனிதனுக்கு அவர் சொன்னது சமுதாயத்துக்கும் பொருந்தும். துயருற்றவர் நம் வாசலுக்கு வரும் நாளில் தேடித் திரியாமல், கேட்கும் செவியையும் சரியான மருத்துவரின் முகவரியையும் இன்றே சேமித்து வைப்போமாக.