பொட்டலத்தாளின் வாசகர்கள்

பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவது இப்போது ஒரு சிறுதொழிலாகிவிட்டது. மலர்களிலும் சிறப்பிதழ்களிலும் இரண்டு பக்கம் ஒதுக்கி, மங்கிப்போன சோப்பு விளம்பரம் ஒன்று, தைலம் ஒன்று, சைக்கிள் ஒன்று என்று போட்டு, கீழே 'அந்தக் காலத்து விலையைப் பாருங்கள்' என்று ஒரு வரி. 1-4-0 என்று ரூபாய், அணா, பை கணக்கில் இருக்கும் அந்த விலையை, 1957 ஏப்ரலுக்குப் பிறகு நயாபைசாவில் கணக்குப் போட்டு வளர்ந்த தலைமுறை பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. என்னவோ அன்றைக்கு எல்லாரும் ஒண்ணேகால் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தது போல. ஒரு நாள் கூலி என்ன என்று அதே பக்கத்தில் எங்கும் அச்சாகியிருக்காது. கூலியைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லும் பிரதியிலிருந்து 'அன்றாட வாழ்க்கை'யை எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை, பெருமூச்சு விடுபவர்களிடம் மட்டுமல்ல, சமூக வரலாறு எழுதப் புறப்பட்டவர்களிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குத் தகராறு.

விளம்பரம் பத்திரிகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட விஷயம் என்று நினைக்கிறோம். 'தி இந்து' நாளிதழ் 1958 ஜனவரி வரைக்கும் முதல் பக்கத்தை விளம்பரத்திற்கே கொடுத்திருந்தது. செய்தி உள்ளே போய்த்தான் தேட வேண்டும். ஆனால் நாம் பாதுகாத்தது எதை? நூலகங்களில் வார இதழ்களை பைண்டு செய்கையில் முதலில் கழற்றி எறிவது அட்டையையும் விளம்பரத்தாளையும்தான். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துச் சேர்த்து வீடுகளில் பைண்டு செய்து வைத்தார்களே, அந்தத் தொகுப்புகளில் கதை முடிகிற பக்கத்தின் மூலையில் தலைவலித் தைலமோ பற்பொடியோ பாதி வெட்டுப்பட்டு நிற்கும். கதை மேல் இருந்த பிரியத்தால் தற்செயலாகத் தப்பிப் பிழைத்தவை அவை. துண்டு நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் நாடக விளம்பரத்தையும் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்துவைத்தவர், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா என்பது தற்செயல் இல்லை என்றே படுகிறது. கடைக்கு வெளியே தொங்கும் எழுத்தை எழுதிய கைக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கிறது. 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமாக்கியிராவிட்டால் இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

பத்திரிகைக்குள் விளம்பரம் வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். விளம்பரத்திற்குள் பத்திரிகை வந்த கதையும் உண்டு. அம்ருதாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் பின்னால் 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தினார். பெண்களுக்கான 'லோத்ரா' மருந்தை விற்ற சென்னை கேசரி குடீரத்தின் டாக்டர் கே.என். கேசரிதான் 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்குப் பெண்கள் மாத இதழையும் நடத்தினார். தமிழில் எஸ்.எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து, பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்து, தபாலில் பொருள் அனுப்பும் வியாபாரமும் நடத்தியவர், 1928இல் 'ஆனந்த விகட'னை வாங்குகிறார். அவர் வாங்கியதை எழுத்துக்கு இவ்வளவு என்று விலைபேசி வாங்கியதாக ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, பத்திரிகையின் பெயரை எழுத்தெழுத்தாக எண்ணி விலை கட்டுவது விளம்பரக்காரரின் கணக்குதான். விளம்பரத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு உண்டு. தமிழ் வெகுஜன உரைநடை சுருக்கமும் துள்ளலும் பெற்றதற்குக் காரணம் தேடுபவர்கள் மேலைச் சிறுகதையைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த உரைநடையை அச்சேற்றிய முதலாளி எங்கே பழகினார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வியாபாரத்தின் அச்சாணி கடை அல்ல, தபாலாபீஸ். 1877இல் இந்தியத் தபால்துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருளைத் தபாலில் அனுப்பினால் போஸ்ட்மேன் வீட்டில் கொடுத்துப் பணத்தை வாங்கி, அனுப்பியவருக்குச் சேர்ப்பார். கத்தியவார் ஜாம்நகரில் தயாரான ஆதங்க நிக்ரஹ மாத்திரைகள் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரமாகித் தமிழன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். வாங்குபவனும் விற்பவனும் முகம் பார்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் நரம்புத் தளர்ச்சி, இந்திரிய நஷ்டம், தாது புஷ்டி என்று ஆண்மைக் கவலை அவ்வளவு பெரிய எழுத்தில் பேச முடிந்தது. உள்ளூர் வைத்தியரிடம் வாய்திறக்க முடியாததை ஜாம்நகருக்குக் கடிதத்தில் எழுதலாம். காலனிய ஆண் தன் உடம்பைப் பற்றி இந்தச் சந்தை கொடுத்த சொற்களில்தான் பேசக் கற்றுக்கொண்டான் என்று கூடச் சொல்லலாம். 1954இல் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் வந்து இதைத் தடுக்க முயன்றது. சொல்லாடல் சட்டத்திற்கு அடங்கவில்லை. பஸ் நிலையக் கழிப்பறைச் சுவருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் வி.பி.பி.யில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உனக்கு விலாசம் இருக்க வேண்டும். போஸ்ட்மேன் உன் தெருவுக்குள் வர வேண்டும். ரொக்கம் வேண்டும். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்நாளைய மருந்து விளம்பரங்களில் நற்சாட்சிப் பத்திரங்கள் வரும், பார்த்திருப்பீர்கள். மிராசுதார், பென்ஷன் தாசில்தார், வக்கீல், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்று கையெழுத்துக்குப் பின்னால் ஓர் உத்தியோகமோ நிலமோ நிற்கும். பி.ஏ., பி.எல். நிற்கும். கைநாட்டு வைத்த நற்சாட்சிப் பத்திரம் ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. ஜுரம் அவனுக்கும்தான் வந்தது.

இங்கே ரேமண்ட் வில்லியம்ஸைத் துணைக்கு அழைக்கலாம். நவீன விளம்பரத்தை அவர் ஒரு மாய முறை என்று சொன்னார். நம் சமூகம் பொருளாசை மிகுந்ததாக இருப்பது பிரச்சினை அல்ல, போதுமான அளவு பொருள்முதல்வாதமாக இல்லை என்பதே பிரச்சினை என்பது அவர் வாதம். பொருள் பொருளாகப் போதுமென்றால், பீர் குடிப்பவனுக்கு ஆண்மையோ அண்டைவீட்டாரின் நேசமோ சேர்த்து விற்க வேண்டியதில்லை. நல்ல வாதம். பார்த்தின் 'தொன்மங்கள்' வழியே நம்மூர் சோப்பை ஒரு குறியாக வாசித்துக் காட்டியவர்களும் உண்டு. அதுவும் நல்ல வாசிப்புதான். சிக்கல் எங்கே என்றால், இந்த வாசிப்புகள் எல்லாமே விளம்பரத்தை அதன் இலக்கு வாசகன் முழுசாகப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்கின்றன. மேல்நோக்கிய தாள், கிழியாத பக்கம், சாய்வு நாற்காலி. மூங்கில்துறைப்பட்டில் தாள் அப்படி வரவில்லை.

தென்பெண்ணை ஓரத்தில், சங்கராபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் இருக்கிற ஊர். பழைய தென்னாற்காடு, 1993க்குப் பிறகு விழுப்புரம், 2019லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்க ஊர்ப்பக்கம் செய்தித்தாள் சந்தா கட்டி வரவழைத்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் செய்தித்தாள் எல்லா வீட்டுக்குள்ளும் இருந்தது. மளிகைக்கடையில் எடைக்கு வாங்கிய தாள், கடலைப்பருப்பும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். பொட்டலத்தைப் பிரித்து, சுருக்கம் நீவி, பரண்பெட்டியின் அடியில் விரிப்பார்கள். சட்டம் போட்ட சாமிப் படத்துக்குப் பின்னட்டையாக வைப்பார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் பாதி இப்படிப் படித்ததுதான். கூம்பாகச் சுருட்டின தாளில் விளம்பரம் சாய்ந்து கிடக்கும். நடிகையின் பாதி முகம் இருக்கும், சோப்பு இருக்காது. எண்ணெய் ஊறின இடத்தில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரியும். மரண அறிவிப்பும் பட்டுச்சேலையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். வருஷமும் தேதியும் கிடைக்காது. விற்பனை முடிந்து, கம்பெனியே மூடியபிறகும் அந்த விளம்பரம் எங்களுக்குப் புதுசு. இந்த வாசகனிடம் விளம்பரம் எதையும் விற்கவில்லை. அவன் வாங்கியது மிளகாய்த்தூள். விளம்பரம் அதற்கு உறை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு பற்றி வகுப்பெடுப்பவர்கள் இந்த எண்ணெய்த் தாளைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

அப்படியானால் எங்கள் பக்கத்து வியாபாரத்துக்கு விளம்பரமே கிடையாதா? உண்டு, வேறு மாதிரி. பட்டினப்பாலையில் கள்ளுக்கடைக்குக் கொடி கட்டியிருக்கிறார்கள். தியாகதுருகம் சந்தையில் கூவி விற்றார்கள். ஆட்டின் விலையைத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும் சந்தை வழக்கம் விளம்பரத்துக்கு நேர் எதிரான ஒன்று. விலை ரகசியம், பொருள் எல்லார் கண்முன்னும் நிற்கிறது. பத்திரிகை விளம்பரத்தில் விலை எல்லாருக்கும் தெரியும், பொருள்தான் கண்ணில் படாது. ப்ரூக் பாண்ட் டீயின் இனாமல் பலகை டீக்கடைக்கு வந்தபோது அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது; பலகைக்குக் கீழேயே பாய்லர் கொதிக்கும்.

சர்க்கரைக்கு வருகிறேன். மூங்கில்துறைப்பட்டின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைத் தெரியாதவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. அதற்கும் முன்னால் இதே தென்னாற்காட்டில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை. பாரி மிட்டாய் அந்த மண்ணிலிருந்து வந்ததுதான். மிட்டாய் விளம்பரத்தில் யார் வருவார்கள்? குழந்தை. நல்ல கன்னம், நல்ல சட்டை. கரும்பு வெட்டுகிறவர், சோகை அறுத்த கை, கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கும் பதிவுக் கரும்பு, ஆலை வாசலில் இரவெல்லாம் நிற்கும் மாட்டுவண்டி, எதுவும் வராது. 'பண்டத்தின் மாயம்' என்று மார்க்ஸ் சொன்னதை விளக்க இதைவிடச் சுலபமான உதாரணம் வேண்டியதில்லை. எனக்கு உறைப்பது இன்னொன்று. வயலிலேயே கொட்டாய் போட்டுக் காய்ச்சிய வெல்லத்துக்கு, நான் புரட்டிய பழைய பக்கங்களில் விளம்பரம் கண்டதில்லை. வெல்லம் சந்தையில் முகம் பார்த்து விற்கப்பட்டது, நக்கிப் பார்த்து வாங்கப்பட்டது. ஆகவே விளம்பரங்களை வைத்து எழுதப்படும் தமிழனின் நுகர்வு வரலாற்றில் மிட்டாய் இருக்கும், வெல்லம் இருக்காது. கல்வராயன் மலையில் மலையாளிகள் பொறுக்கிச் சேர்த்த கடுக்காயும் அப்படியே. திரிபலா என்று சீசாவில் ஏறினால் அதற்கு ஒரு நாமகரணம் உண்டு, ஸ்தாபித வருஷம் உண்டு. மரத்தடியில் அது பேரற்றது. ஜாகீர்களாக இருந்த அந்த மலை, எந்த மருந்து விளம்பரத்திலும் விலாசமாக நான் பார்க்கவில்லை.

'எங்கள் ஊர் அச்சில் வரவில்லை' என்று முடித்துக்கொண்டால் அது சுலபமான விளிம்புநிலைப் புலம்பலாகிவிடும். வந்தது. விளம்பரப் பக்கத்திலேயே வந்தது. சோப்புக்கும் தைலத்துக்கும் பக்கத்தில், பொடி எழுத்தில், கட்டம் கட்டி. முன்சீப் கோர்ட் அறிவிப்பு. இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்னாருடைய குமாரர் இன்னார், பிரதிவாதி. சிவில் நடைமுறைச் சட்டத்தில் (1908) ஐந்தாம் கட்டளை இருபதாம் விதி இதற்கு வழி செய்கிறது: பிரதிவாதியிடம் சம்மனை நேரில் சார்பு செய்ய முடியாதபோது மாற்று வழியில் செய்யலாம். 1976 திருத்தம், பிரதிவாதி கடைசியாக வசித்த பகுதியில் உலவும் தினசரியில் விளம்பரம் செய்வதை வெளிப்படையாகவே சேர்த்தது. அப்படிச் செய்துவிட்டால் அது அவர் கையிலேயே கொடுத்ததற்குச் சமம் என்கிறது விதி. அவர் படித்தாரா, படிக்கத் தெரியுமா, அந்தத் தாள் அந்த ஊருக்குப் பொட்டலமாகத்தான் வருமா என்பதெல்லாம் கேள்வி இல்லை. சோப்பு விளம்பரம் 'நீ என் வாசகன் இல்லை' என்று ஒதுக்கிய அதே மனுஷரை, அதே பக்கத்தில் சட்டம் 'நீ படித்துவிட்டாய்' என்று முடிவு கட்டுகிறது. குறித்த தேதியில் ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். தீர்ப்பானால் நிறைவேற்று மனு, ஜப்தி, ஏலம். ஏலத்துக்கும் விளம்பரம் உண்டு, சர்வே நம்பரோடு.

அன்றாட வணிகத்தின் கடந்தகாலத்தைத் தேடுபவர்கள் இந்தக் கட்டங்களைத்தான் வெட்டி எறிந்துவிட்டு நடிகையின் முகத்தை மலரில் போடுகிறார்கள். படம் இல்லாத, கவர்ச்சி இல்லாத எழுத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடன், அடமானம், விளைச்சல் பொய்த்த வருஷம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று எங்கள் பக்கத்து வியாபாரம் அச்சில் ஏறிய ஒரே இடம் அது.

காந்தி 'யங் இந்தியா'விலும் 'நவஜீவ'னிலும் விளம்பரமே வேண்டாம் என்றார். அதைச் சொல்லிச் சிறுபத்திரிகைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. நம் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'வாழ்த்துக்களுடன்' என்று ஒரு ஜவுளிக்கடை பெயரோ நகைக்கடை பெயரோ இருக்கும். என்ன விற்கிறார்கள் என்று கூட இருக்காது. எதையும் விற்காத இந்த விளம்பரத்துக்கும், யாரும் படிக்காமலே படித்ததாகிவிடும் அந்த அறிவிப்புக்கும் என்ன உறவு என்று யாராவது எழுதினால் நன்றாயிருக்கும். என்னிடம் இருப்பது ஒரு கத்தை பொட்டலத்தாள். அதில் கட்டம் கட்டியவற்றை மட்டும் தனியே எடுத்து, ஊர்ப்பெயர் தெரிகிறவரை நீவி வைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் எண்ணெய் இறங்கிவிட்டது.