நண்பகல் மின்சாரத்துக்கு என்ன விலை?

கோடம்பாக்கத்தை ஒட்டிய தி.நகரில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்வளவு பெரிய அளவில் நடந்த முன்னோடி முயற்சி அது. கணக்கீட்டாளர் மாடியேறி வந்து ரீடிங் எடுத்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகத் தேவையில்லை. மீட்டரே கணக்கை அனுப்பிவிடும். ஆனால் அந்த வீடுகளில் வாஷிங் மெஷினைப் பகல் 12 மணிக்கு ஓட்டினாலும் இரவு 9 மணிக்கு ஓட்டினாலும் யூனிட் விலையில் வித்தியாசம் வரவில்லை. தமிழ்நாட்டின் மின்கட்டமைப்புச் சீர்திருத்தம் எதுவரை வந்து எங்கே நின்றுவிட்டது என்பதை இந்த ஒரு விவரம் காட்டிக்கொடுக்கிறது.

வந்த தூரம் சிறிதல்ல. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. இன்று முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, கம்பம் பள்ளத்தாக்கு என்று நீளும் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று வீசுவது தெற்கிலும் மேற்கிலும். மின்சாரத்தை விழுங்குவது சென்னையும் தொழில் மாவட்டங்களும். இடையிலுள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைக் கடக்கத்தான் பசுமை மின்வழித் தடத் திட்டம் வந்தது. கயத்தாறு, தேனி மாவட்டத்துத் தப்பக்குண்டு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் எழுந்தன. சத்தீஸ்கரின் ராய்கரையும் கரூர் மாவட்டத்துப் புகளூரையும் இணைக்கும் 6,000 மெகாவாட் உயரழுத்த நேர்மின் தடம் 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதில் மின்சாரம் இரு திசையிலும் போகலாம். இங்கே காற்று மிஞ்சினால் வடக்கே அனுப்பலாம்.

இவற்றோடு, வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு பணியும் நடக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் காற்றாலை உற்பத்தியை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அடுத்த நாள் எவ்வளவு காற்று கிடைக்கும் என்று ஓரளவு தெரிந்தால்தான் அனல்மின் நிலையங்களை எந்த அளவுக்குக் குறைப்பது என்று மின்சுமைப் பகிர்வு மையத்தில் இருப்பவர் முடிவெடுக்க முடியும். கணிப்பு தவறினால், ஒன்று நிலக்கரி வீணாகும் அல்லது மின்தடை வரும். கோபுரங்களுக்கும் கம்பிகளுக்கும் சற்றும் குறையாத நவீனமயம் இது. இதற்குக் கிடைக்கும் பாராட்டு மிகக் குறைவு.

குறை அடுத்த கட்டத்தில் தெரிகிறது. உற்பத்தியான சூரிய மின்சாரத்தை வாங்காமல் நிறுத்திவைக்கும் வழக்கம் மின்வாரியத்துக்கு நீண்ட நாள் இருந்தது. கட்டமைப்பின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. வணிகக் காரணங்களுக்காகச் சூரிய உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது தவறு என்றும், இழப்பீடு தர வேண்டும் என்றும் 2021இல் தீர்ப்பு வந்தது. காசு செலவழித்துக் கம்பி இழுத்துவிட்டு, அதில் வரும் தூய மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் யாருக்கு லாபம்?

பொழுது சாய்ந்தால் நிலைமை தலைகீழ். சூரிய மின்சாரம் அடங்கும் நேரத்தில் வீடுகளில் ஏசி ஓடத் தொடங்குகிறது. கோடையில் மொத்தத் தேவையே பெரிது: 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை மாலைகளில் பற்றாக்குறையைச் சமாளிக்க மின்சந்தையில் வாங்க வேண்டும். அங்கே விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பு வரை போகும். பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் கொடுக்க மாநிலத்திடம் இருப்பது கோவை மாவட்டத்துக் காடம்பாறை நீரேற்று நிலையம். 400 மெகாவாட் திறனுள்ள அது 1980களின் பிற்பகுதியில் வந்தது. நீலகிரியில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட குந்தா நீரேற்றுத் திட்டத்தின் காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. காற்றாலை வளர்ந்த வேகத்துக்குச் சேமிப்பு வளரவில்லை. இத்தனை ஆண்டு நவீனமயத்தின் மிகப் பெரிய தவறு இதுவே.

சேமிப்பு இல்லாத இடத்தில் செலவு குறைந்த மாற்று ஒன்று உண்டு: தேவையையே பகலுக்கு நகர்த்துவது. அதற்குக் கட்டணம்தான் தூண்ட வேண்டும். உயரழுத்த நுகர்வோருக்கான 2022 கட்டண ஆணை காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவீதம் கூடுதலாக வசூலிக்கச் சொன்னது. தள்ளுபடியோ இரவு நேரத்துக்குத்தான், அதுவும் 5 சதவீதம். அனல் உலைகளை இரவிலும் அணைக்க முடியாத காலத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருத்தம். சூரிய மின்சாரம் மிஞ்சும் நண்பகலுக்கு அது எந்த வகையிலும் உதவாது. ஒன்றிய அரசு 2023இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்கின்றன. கலிபோர்னியாவின் பெரிய மின் நிறுவனங்கள் மாலை 4 முதல் 9 மணி வரை கூடுதல் விலை வைத்துப் பெரும்பாலான வீடுகளை அந்த முறைக்கே மாற்றிவிட்டன.

இங்கே வீட்டுக் கட்டணம் இன்னும் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். ரீடிங் எடுக்க நான்கு நாள் தாமதமானால் ஒரு குடும்பம் அடுத்த படிக்குப் போய்விடும் என்ற புகார் தெருவுக்குத் தெரு உண்டு. ஸ்மார்ட் மீட்டர் அதைத் தீர்க்கும். சரியான தேதியில் கணக்கெடுக்கும். அதைவிட முக்கியம், எந்த மணிக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.

ஆனால் மக்களிடம் அச்சம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஒன்றிய அரசின் ஸ்மார்ட் மீட்டர் திட்டம் முன்பணம் கட்டும் முறையை வலியுறுத்துகிறது. பணம் தீர்ந்ததும் விளக்கு அணைந்துவிடுமா, இலவச 100 யூனிட் போய்விடுமா என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வேண்டும். மாநிலம் முழுவதற்குமான ஸ்மார்ட் மீட்டர் டெண்டர், விலை அதிகம் என்று 2024 இறுதியில் ரத்து செய்யப்பட்டது. பொதுப்பணத்தைக் காத்த முடிவு அது. வேலை மேலும் பிந்தியது என்பதும் உண்மை.

தெருவோர மின்கட்டமைப்பையும் விட்டுவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தண்ணீர் சூழ்ந்த பில்லர் பாக்ஸ்களால் பல இடங்களில் மின்சாரத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. கோடம்பாக்கம் போன்ற அடுக்ககப் பகுதிகளில் ஏசியோடு மின் ஸ்கூட்டர் சார்ஜும் சேரும்போது, பழைய கணக்கில் வைத்த டிரான்ஸ்பார்மர் தாங்காது. எந்த டிரான்ஸ்பார்மர் எந்த நேரத்தில் திணறுகிறது என்பதையும் ஸ்மார்ட் மீட்டர்களே சொல்லும்.

ஆகவே, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாநிலம் முழுவதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மீட்டர் ஏற்கெனவே உள்ள தி.நகரில், விருப்பமுள்ள வீடுகளுக்கு மட்டும், ஒரு கோடைக்கு நண்பகல் தள்ளுபடி கொடுத்துப் பார்க்கலாம். இலவச யூனிட்டைத் தொட வேண்டாம், முன்பணமும் வேண்டாம். துணி துவைப்பதும் தண்ணீர் மோட்டார் ஓட்டுவதும் எத்தனை வீடுகளில் பகலுக்கு நகர்ந்தன என்பதைச் செப்டம்பரில் மணிவாரியாக வெளியிடலாம்.