ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பூ

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் ஜாக்ஃபீல்ட் டைல் அருங்காட்சியகம், 1870களில் கிரேவன் டன்னில் நிறுவனம் கட்டிய தொழிற்சாலைக்குள்ளேயே இயங்குகிறது. கண்ணைப் பறிக்கும் பளபளப்பான சுவர் டைல்கள் அங்கே ஏராளம். ஆனாலும் முதலிடத்தை நான் தருவது, மங்கிய செம்மண் நிறத்தில் கிடக்கும் என்காஸ்டிக் தரை டைலுக்குத்தான். மற்றவற்றில் அழகு மேற்பூச்சோடு நின்றுவிடும். இதில் அழகு மண்ணின் கனத்துக்குள் இறங்கியிருக்கிறது.

செய்முறையைப் பார்த்தால் இது விளங்கும். பூவும் கொடியும் புடைப்பாக நிற்கும் அச்சில் ஈரக் களிமண்ணை அழுத்துவார்கள். அச்சிலிருந்து எடுத்தால் டைலின் முகத்தில் அந்தப் பூ பள்ளமாக விழுந்திருக்கும். அதில் வேறு நிறக் களிமண் குழம்பை வழிய ஊற்றிக் காயவிடுவார்கள். இந்த நிலையில் பார்த்தால் சேறு அப்பிய கட்டிதான். பிறகு முகத்தைத் தட்டையாகச் சீவ, மிகுதி மண் உதிர்ந்து, இதழின் விளிம்பு கத்தி கீறியதுபோல வெளிப்படும். கடினமான பகுதி இதற்கும் பிறகுதான். உலரும்போதும் சூளையில் வேகும்போதும் இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்க வேண்டும். ஒன்று முந்தினாலும் விரிசல் விட்டு, பூ பெயர்ந்து வந்துவிடும். 1830இல் சாமுவேல் ரைட் காப்புரிமை பெற்ற இந்த முறையை மட்பாண்ட உற்பத்தியாளர் ஹெர்பர்ட் மின்டன் விற்பனைக்கு ஏற்றதாக்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

அச்சில் அழுத்திக் குவியல் குவியலாக எடுப்பதைக் கலை என்பதா, அதுவும் இடைக்கால மடாலயத் தரைகளைப் பார்த்துச் செய்ததை, என்று கேட்கலாம். அந்த மடாலயங்களுக்குச் செய்தவர்களும் ஒரே மரமுத்திரையைத்தான் திரும்பத் திரும்பப் பதித்தார்கள். பல டைல்களில் வட்டத்தின் கால்பங்குதான் இருக்கும். நான்கு சேர்ந்தால்தான் உரு முழுமை பெறும். திரும்ப வருவது இந்தக் கலையின் இலக்கணம். இயந்திரத்தனம் என்ற புகார், 1840இல் ரிச்சர்ட் ப்ராசர் காப்புரிமை பெற்ற, மண்தூளை உலோக அச்சில் இறுக்கும் முறைக்கு ஓரளவு பொருந்தும். அந்த டைல்களின் பிசகாத ஓரங்கள் எனக்கு உயிரற்றவையாகவே படுகின்றன. ஆனால் மருத்துவமனைச் சுவர்கூடக் கழுவத்தக்கதாகவும் வண்ணமயமாகவும் இருக்க முடிந்தது இந்த முறையால் டைல் மலிவானதால்தான். குழந்தைகள் வார்டுகளுக்காகச் செய்த கதைச் சித்திரப் பலகைகளை இங்கே பார்ப்பவர் அதைச் சிறுமையாகப் பேசமாட்டார்.

தரையை விட்டுப் பெயர்த்த டைல் செத்த டைல் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். தேவாலயம், மதுக்கடை, சுரங்க ரயில் நிலையம் என்று அறைகளையே அமைத்துக் காட்டுவது அதற்குப் பாதி பதில். மீதி பதில், அதே வளாகத்தில் இன்றும் நடக்கும் டைல் வேலை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் கட்டடக் கலைஞர் பியூஜின் வடிவமைத்து மின்டன் செய்த தரை, ஒன்றரை நூற்றாண்டு மிதிபட்டுப் பல இடங்களில் தேய்ந்தபோது, மாற்று டைல்கள் ஜாக்ஃபீல்டில்தான் தயாராயின. பழையதைக் கழற்றிவிட்டு நகலைப் பதிப்பது மோசடி என்போரும் உண்டு. மிதிபடுவதற்காகச் செய்த பொருள் அது. தேய்ந்த துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். தரையில், அதே முறையில் புதிதாக வெந்த டைலைப் பதிப்பதே பியூஜினுக்குச் செய்யும் மரியாதை என்பேன்.