எல்லை வகுப்போர் மறந்த எல்லை

உளவளத்துணையாளர் பயிற்சிகளில் தொழில் ஒழுக்கமும் எல்லைகளும் தனிப்பாடமாகிவிட்டதைப் பெருஞ் சாதனையெனப் போற்றுவோர், அந்தப் பாடம் நம் சூழலுக்குப் பொருந்துமாவென்று ஐயுறுவோரை, ஒழுக்கத்துக்குத் தேசமேது என்ற ஒரே கேள்வியால் வாயடைத்துவிடுகின்றனர். துணைநாடியோடு காம உறவு கூடாது, அவரிடம் கடன்படலாகாது, அவர் சொன்ன இரகசியத்தை ஊரில் உரைக்கலாகாது என்பவற்றை மறுப்பார் இலர். 2004 ஆழிப்பேரலையின் பின்னர், சில நாட் பயிற்சியோடு ஆறுதல் சொல்லப் புறப்பட்டோரைக் கண்டவர்க்கு, விதியொன்று வேண்டுமென்பதிலும் சந்தேகம் இராது.

ஆயினும், துணைநாடி வீட்டில் தேநீர் அருந்தலாமா, அவர் தரும் முருங்கைக்காயை வாங்கலாமா என்ற விசாரணையிலேயே பாடவேளை பெரிதும் கழிகிறது. வவுனியா-மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற ஊரிலே, துணையாளரும் துணைநாடியும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே கோயிலில் கும்பிட்டு, ஒருவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மற்றவர் போகாவிடின் பகையாகும் நிலையில், இவற்றை விலக்கும் விதி செல்லுமா? அமெரிக்க உளவியற் சங்கத்தின் 2002ஆம் ஆண்டுக் கோவையே, தீங்கோ சுரண்டலோ விளையுமென எதிர்பார்க்க நியாயமில்லாத பல்வகை உறவைக் குற்றமாகக் கொள்ளவில்லை. நம்மவரோ அதனினும் கடுமை காட்டுகின்றனர். வன்னியின் துயரைத் தனிமனிதரோடு நில்லாத கூட்டு மனவடுவாக விளக்கிய பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளை மேற்கோள் காட்டிக்கொண்டே இதைச் செய்வதுதான் வேடிக்கை.

என் நெடுநாளைய ஆட்சேபமோ இதனினும் பெரிது. துணையாளருக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலும் எல்லையொன்று உண்டென்பதை நான் கண்ட பாடத்திட்டம் எதுவும் கூறவில்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தனர். பெயரும் விலாசமும் இயக்கத்தொடர்பும் படிவத்தில் ஏறினால் என்ன நேருமென்பதை அவர்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் அழுதுசொன்னது, நன்கொடையாளருக்குரிய அறிக்கையில் படத்தோடு வெற்றிக் கதையாகும்போதும், யார் யார் வந்து போயினரென்று சீருடையினர் வந்து வினவும்போதும், துணையாளர் எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம், மறுத்தால் அவரைக் காப்பவர் யார்? முருங்கைக்காயை மறுக்கப் பழக்கியவர்கள் துணைநாடியின் கோப்பைத் தர மறுக்கப் பழக்கவில்லை. அப்பயிற்சியை நடத்துவதும் பெரும்பாலும் அந்த அறிக்கையை வேண்டுகின்ற நிறுவனங்களே என்பதால், இம்மௌனத்தை வெறும் மறதியென்று கொள்ள என்னால் இயலவில்லை.

பாடத்தை வகுப்போர் கோப்பிலிருந்து தொடங்கட்டும். அதுவரை, தொழில் ஒழுக்கம் கற்றாரென்று சான்றிதழ் வழங்குவதையேனும் நிறுத்திவைக்கலாம்.