கால்வாசி முறுக்கில் மாட்டிக்கொண்ட 28

காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்கள் இந்த அறிவுரையிலிருந்து தப்பிக்கவே முடியாது. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், பக்கத்தில் நிற்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்ப்பார். "இன்னும் 24 கார்ப் தானா? 28 மாட்டுங்க, வண்டி பறக்கும்." பறக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்றுதான் ஒரு 28 மி.மீ. கார்புரேட்டர் கிட்டை வாங்கி, மழைக்கு முன்னும் மழையிலுமாக ஓட்டிப் பார்த்தேன்.

வண்டியின் விவரம் உங்களுக்கே தெரியும். திருவொற்றியூர் வார்ப்பு, 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், வலது காலில் கியர். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தது நம்மூர் யூக்கால் செய்த மிக்கார்ப் விஎம் 24. அதற்கும் முந்தைய புல்லட்களில் அமால் மோனோபிளாக் இருந்தது. டிக்ளரை அழுத்தி, விரலெல்லாம் பெட்ரோல் ஆக்கிக்கொண்டு கிக்கரை உதைத்த தலைமுறையினர் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவார்கள். எனக்கு அந்தப் பாசம் கிடையாது. மிக்கார்ப் பெருமைப்பட ஒன்றுமில்லாத, ஆனால் சொன்ன வேலையைச் செய்கிற கார்ப் என்பது என் பழைய கட்சி. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மாட்டியது மிக்கூனி விஎம் வடிவத்தை அப்படியே பார்த்துச் செய்த 28 மி.மீ. ரவுண்ட் ஸ்லைடு கார்ப். செய்தவர், விற்றவர் பெயர் வேண்டாம். இதே மாதிரி கிட்கள் கடைக்குக் கடை வேறு வேறு அட்டைப்பெட்டியில் கிடைக்கின்றன. உள்ளே கார்ப், மேனிஃபோல்டு ரப்பர், ஆக்சிலேட்டர் கேபிள், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், ஒரு பிளாஸ்டிக் உறையில் மெயின் ஜெட்கள். வார்ப்பு சுத்தமாக இருக்கிறது. திருகுகளின் மரை கடிக்கவில்லை. மாட்டுவதிலும் பெரிய வேலை இல்லை. கேபிளை டாங்க் அடியில் சுளிவில்லாமல் கொண்டுவந்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஐடிலிங் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காலைக் குளிரில் ஸ்டார்ட்டிங் அருமை. இந்த வகை கார்பில் சோக் என்பது காற்றை அடைக்கிற தகடு இல்லை. கூடுதல் பெட்ரோலுக்கான தனிப் பாதை. ஸ்லைடு முழுக்க மூடியிருந்தால்தான் அது உறிஞ்சும். ஆகவே சோக்கைத் தூக்கிவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், அம்மீட்டர் முள்ளைப் பார்த்து டிகம்ப்ரஷன் லீவரை விட்டு உதைத்தால் வண்டி எழுந்துவிடுகிறது. முறுக்கிக்கொண்டே உதைக்கிறவர்களுக்கு இது 24-லும் எழாது, 28-லும் எழாது. நெடுஞ்சாலையில் அரை முறுக்குக்கு மேலே போனால் வித்தியாசம் தெரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியைத் தாண்டும்போது மூச்சுத் திணறாமல் இழுக்கிறது. 24-ஐ விட 28-க்கு வாயின் பரப்பு 36 சதவீதம் அதிகம். அது கொஞ்சமாவது தெரியத்தானே வேண்டும்?

இனி கால்வாசி முறுக்குக்கு வருகிறேன். மீதிக் கட்டுரை முழுக்க அதுதான்.

சிக்னலில் பச்சை விழுகிறது. கிளட்சை விட்டு லேசாக முறுக்குகிறீர்கள். 'டுப்' என்று ஒரு விக்கல். அரை நொடி எதுவும் இல்லை. பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுகிறது. பின்னால் வருகிற ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதற்கு அந்த அரை நொடி தாராளமாகப் போதும். சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி வரைக்கும் இதே கதை. டாப் கியரில் 45-ல் நிதானமாகப் போகும்போதும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி பிடிக்கும் இடத்தில் அந்த விக்கல் எட்டிப் பார்க்கிறது.

ரவுண்ட் ஸ்லைடு கார்பில் எந்த முறுக்குக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகப் பிரிக்கப்பட்டது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். எட்டில் ஒன்றிலிருந்து கால்வாசி வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் கட்டவே. கால்வாசியிலிருந்து முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பும், பக்கத்து ஹவுசிங்கில் பேனாவால் நாலு கோடும் போட்டுக்கொண்டு நகருக்குள் ஓட்டிப் பாருங்கள். டேப் பெரும்பாலும் முதல் கோட்டைச் சுற்றியே ஆடும். இந்த எஞ்சின் 60 கி.மீ. வேகத்தில் போகக் கேட்பது அவ்வளவுதான்.

கிட்டில் கொடுத்திருப்பது என்ன? மெயின் ஜெட்கள். சின்னதிலிருந்து பெரியது வரை, வரிசையாக. பைலட் ஜெட் மாற்று ஒன்றுகூட இல்லை. வேறு கட்டவே உள்ள ஸ்லைடு இல்லை. வேறு நீடில் இல்லை. நீடில் ஜெட்டைப் பற்றி விளக்கத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. நாம் போகவே போகாத ஊருக்கு வகைவகையாக டிக்கெட் கொடுத்துவிட்டு, தினமும் போகிற ஆபீசுக்கு நடந்து போ என்கிற மாதிரி இது.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் பழைய வண்டிகளையே பார்த்து நரைத்துப்போன ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எல்லாரும் வந்து மெயின் ஜெட்டுதான் சார் கேக்குறாங்க. பெரிய நம்பர் போட்டா பெரிய வண்டின்னு நினைப்பு. நீங்க எங்க சார் ஃபுல் முறுக்குல போறீங்க?" சொல்லிவிட்டு ஸ்லைடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டு உயரமாக இருந்தது. கட்டவே எண் கூடினால் அந்த இடத்தில் காற்று கூடும், கலவை லீன் ஆகும். லேசாகத் திறக்கும்போது வருகிற விக்கலுக்கு முதல் சந்தேகம் அங்கேதான். அடுத்து நீடில் ஜெட்டைக் கழற்றினார். நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு வழக்கமாகப் போடுவதில் பக்கவாட்டில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். காற்று அதன் வழியாகப் பெட்ரோலோடு கலந்து நுரைத்து ஏறும். இதில் துளையே இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கான ஜாதி. எல்லா வண்டிக்கும் பொது என்று ஒரே கார்பைச் செய்து, பெட்டியின் மேல் மட்டும் புல்லட் படத்தை ஒட்டினால் இதுதான் நடக்கும்.

கட்டவே குறைந்த ஸ்லைடு ஒன்றைத் தனியாகத் தேடி வாங்கினேன். நகல் உடலுக்குள் அது இறங்கியது, ஆனால் கடைசியில் லேசாக உரசியது. முறுக்கி விட்டால் ஸ்லைடு தொங்கி நிற்கிற கார்ப் ஆபத்து. அதை வைத்துச் சாலைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி நீடிலைத் தூக்கினேன், பைலட் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டினேன். விக்கல் பாதியாகக் குறைந்தது. போகவில்லை.

இதில் பெட்ரோலின் பங்கும் உண்டு. 2023 பிப்ரவரியில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலவை இப்போது எல்லா பெட்ரோல் பங்க்குகளுக்கும் வந்துவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆக, அதே ஜெட்டில் அதே அளவு எரிபொருள் பாய்ந்தாலும் பழைய வண்டி லீன் பக்கம் சாய்கிறது. கம்ப்யூட்டர் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும். நம் வண்டிக்கு நாம்தான் கம்ப்யூட்டர். யார் எந்த கார்ப் மாட்டினாலும், பத்து வருடத்துக்கு முன் கேட்ட ஜெட் நம்பரை அப்படியே போடாதீர்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் டாப்பை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தில் தேங்கினால் பைலட் ஜெட்டின் ஊசிமுனைத் துளைதான் முதலில் அடைபடும். அடைபட்டால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள், குண்டூசி விடாதீர்கள். ஜெட்டைக் குடைந்து பெரிதாக்கித் தருகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் குடைந்த பிறகு அதன் மேல் பொறித்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கூம்பு ஃபில்டரைப் பற்றி ஒரே வரி: கம்பெனிப் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அந்தக் கூம்பு நனைந்து வண்டி இருமுவதைக் கேட்டவர்கள் மறுபடி அதைத் தொடமாட்டார்கள்.

கடைசியில் செய்ததுதான் முக்கியம். பழைய 24-ஐ எடுத்து, புது ஸ்லைடு, புது நீடில், புது நீடில் ஜெட், புது ஃப்ளோட் வால்வு போட்டேன். நீடில் வருடக்கணக்காக உரசி உரசி, நீடில் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். பெட்ரோல் கூடுதலாக ஒழுகும், மைலேஜ் இறங்கும், யாருக்கும் காரணம் தெரியாது. மாட்டுவதற்கு முன் பாயின்ட் இடைவெளியை 0.38 மி.மீ. வைத்து, டேப்பெட்டையும் பார்த்தேன்: புஷ்ராடு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எஞ்சின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஐடிலிங் அதிகம் ஏறுகிற இடத்தில் நிறுத்தினேன். அந்த இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே விழுந்தால் பைலட் ஜெட் சிறியது, இரண்டரையைத் தாண்டினால் பெரியது.

விக்கல் போய்விட்டது. சிக்னலில் விட்ட இடத்திலிருந்து கயிறு பிடித்து இழுத்த மாதிரி கிளம்புகிறது. ஐடிலிங் அந்தப் பழைய நிதானத்துக்கு இறங்கிவிட்டது. அரை முறுக்குக்கு மேலே 28 கொடுத்த கூடுதல் இழுவை இல்லைதான். ஆனால் அதுவும் நான் நினைத்த அளவுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை; 350-இன் ஹெட்டில் காற்று நுழைகிற வாய் 28-ஐ விடச் சிறியது, கார்பை மட்டும் பெரிதாக்கினால் காற்று அந்தப் படியில் போய் முட்டுகிறது. 28 மாட்டியதும் வண்டி புதுசாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்ந்துபோன 24-ஐக் கழற்றிவிட்டுப் புது கார்ப் மாட்டியிருக்கிறார்கள். புது 24 மாட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

500 சிசி புல்லட் வைத்திருப்பவர்களுக்கு 28 பொருத்தம். அந்த எஞ்சின் கம்பெனியிலிருந்தே அந்த அளவோடு வந்தது. போர்ட்டைப் பெரிதாக்கி, கேம் மாற்றி, 350-ஐ வேறு வண்டியாக்கப் போகிறவர்களுக்கும் அது தேவைப்படும். மற்ற 350-காரர்கள் 24-க்கு உள் சாமான்களை மாற்றுங்கள். கிட் விலையில் சொற்பம்தான் ஆகும். அப்படியும் 28 தான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டவே எத்தனை, நீடில் ஜெட் எந்த வகை, பைலட் ஜெட் மாற்றிக் கொடுப்பீர்களா? "அதெல்லாம் உங்க மெக்கானிக் பாத்துப்பார்" என்று பதில் வந்தால், வாங்காமல் வந்துவிடுங்கள்.