வரவேற்புத்திரையும் காத்திருப்பும்

கைத்தொலைபேசிச் செயலியொன்றைத் தொட்டதும், அதனுள் நாம் புகுமுன்னர், நிறுவனத்தின் இலச்சினையைத் தாங்கிய ஒரு திரை சில கணங்கள் தோன்றி மறைகின்றது. ‘ஸ்பிளாஷ்’ எனப்படும் இவ்வரவேற்புத்திரை வேண்டியதுதானா என்ற வினாவை அழகுணர்ச்சி பற்றியதாக மட்டுமே கருதுவோர் பலர். அது காலத்தைப் பற்றிய வினா. யாருடைய காலம் என்பதும் அதனுள் அடங்கும்.

செயலி நினைவகத்தில் இல்லாதபோது அதனை முதலிலிருந்தே ஏற்றவேண்டியுள்ளது. அவ்விடைவெளியில் வெறுந்திரையைக் காட்டுவதினும் ஏதேனுமொன்றைக் காட்டுவது முறையே. ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு மேற்படும் தாமதம் பயன்படுத்துவோரின் சிந்தனையோட்டத்தை அறுத்துவிடும் என ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதினார். ஆகவே திரையை முற்றாக ஒழிக்கவேண்டும் எனும் வாதம் எமக்கு உடன்பாடன்று. ஆனால், ஆயத்தமாகிவிட்ட செயலியையும் இரண்டு மூன்று செக்கன்கள் தடுத்துவைத்து இலச்சினையைக் காட்டுமாறு எழுதப்பட்ட செய்நிரல்களும் உள்ளன. அங்கே திரை காத்திருப்பை மறைக்கவில்லை; அதனைப் படைக்கின்றது. நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பயன்படுத்துபவர் தம் நேரத்தை விலையாகக் கொடுக்கின்றார்.

அவ்விலையை எல்லோரும் ஒரேயளவிற் கொடுப்பதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. நினைவகம் குறைந்த மலிவான தொலைபேசி, பின்னணியிலுள்ள செயலிகளை அடிக்கடி நீக்கிவிடுகின்றது. அதனை வைத்திருப்பவர் மீண்டும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியவராகின்றார். வசதியுள்ளவர் எப்போதாவது காணும் இலச்சினையை வசதியற்றவர் நாளிற் பன்முறை காண்கின்றார். அவருடைய கருவியில் ஏற்றமும் மெதுவாகவே நிகழ்கின்றது. விலையுயர்ந்த கருவியில் மட்டும் தம் ஆக்கத்தைப் பரிசோதிக்கும் வடிவமைப்பாளருக்கு இது புலப்படுவதில்லை.

தொடக்கத்திரை விளம்பரத்துக்குரிய இடமன்று என்பது அப்பிள் நிறுவனத்தின் வழிகாட்டி கூறுவது. அது செயலியின் முதல் திரையை ஒத்திருக்கவேண்டுமாம். இக்கொள்கை போற்றத்தக்கதாயினும் குறையற்றதன்று. ஆயத்தமானது போலத் தோன்றும் திரையைத் தொட்டும் அசைவில்லையெனின் அதுவும் ஒருவகை ஏமாற்றே. இலச்சினையாவது ‘பொறுத்திரும்’ என்று வெளிப்படையாகச் சொல்கின்றது. கூகிள் வேறு வழியை மேற்கொண்டது. 2021இல் வெளியான அன்ட்ரொயிட் 12, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான வரவேற்புத்திரையொன்றைத் தானே அமைத்தது; அதில் இடம்பெறும் அசைவு 1000 மில்லிசெக்கனைத் தாண்டாதிருத்தல் நன்று எனவும் பரிந்துரைக்கப்பட்டது. விளைவு நகைப்புக்குரியதாயிற்று: தம் பழைய திரையைக் கைவிடாத செயலிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இரு வரவேற்புகள் தோன்றலாயின. இரண்டாவதை நீக்கும் வழியைக் கூகிளின் வழிகாட்டியே விளக்கியுள்ளது; நிறுவனங்களுக்கு மனமில்லாமையே எஞ்சியுள்ள தடை.