எந்த ஆண்டின் துப்பாக்கி?

துருவேறிய பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று மேசைமேல் கிடக்கும். கையுறை போட்ட இரண்டு கைகள் அதைத் திருகு திருகாகக் கழற்றும். இரும்பெல்லாம் ரசாயனத் தொட்டிக்குப் போகும். மரமெல்லாம் உப்புத்தாளுக்குப் போகும். அரை மணி நேரத்தில் கருநீலமாக மின்னும் குழலும் தேன் நிறத்தில் பளபளக்கும் கட்டையுமாக அது எழுந்து நிற்கும். பேச்சே கிடையாது, தேய்க்கும் ஓசை மட்டுந்தான். இந்த வகைக் காணொளிகளை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அந்தக் கைகளின் தேர்ச்சியில் சொக்கி நானும் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். என்னை எழுத வைத்தது அவற்றின் கடைசியில் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும் ஒரு நியாயம்: இந்தத் துப்பாக்கிக்கு அதன் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இதை ஏந்திய சிப்பாய்க்கு இது எங்கள் மரியாதை. இந்த நியாயம் தவறு என்று நினைக்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி உலைக்குப் போயிருக்கும். தொழிற்சாலை முத்திரைகளையும் வரிசை எண்களையும் ஒப்பிட்டு, எது எங்கே எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடித்தவர்களில் பலர் சம்பளம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள் அல்லர். மாலை நேரத்தைச் செலவழித்த ஆர்வலர்கள். பழைய தோட்டாக்களின் உப்பு குழலைத் தின்னும், அதைக் கழுவத்தான் வேண்டும். சுடப்போகிறவர் போல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்று அளந்து பார்க்கத்தான் வேண்டும். இவற்றில் எனக்குச் சண்டை இல்லை.

என் கேள்வி வேறு. பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம் என்கிறார்களே, எந்தப் பழைய நிலைக்கு?

மோசின் நாகாந்தை எடுத்துக்கொள்வோம். 1891இல் ரஷ்யப் பேரரசு ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. பின்லாந்து விடுதலை பெற்றபோது இவை பெரும் எண்ணிக்கையில் அந்த நாட்டின் கைக்கு வந்தன. துப்பாக்கியின் நடுவுடலான ரிசீவரைப் பின்லாந்து தானே செய்யவில்லை. ரஷ்ய ரிசீவர்களை எடுத்து, அவற்றில் தன் குழலைப் பொருத்தி, தன் கட்டையில் உட்கார்த்தியது. எம்39 என்ற வகையில் குழலின்மேல் 1942 என்றிருக்கும். கட்டையைக் கழற்றி ரிசீவரின் வாலைத் திருப்பிப் பார்த்தால், 1890களின் ஓர் ஆண்டு பொறித்திருப்பது உண்டு. ஜார் மன்னனின் பட்டறையில் பிறந்த இரும்பு, அரை நூற்றாண்டு கழித்து, ஜார் இல்லாத ரஷ்யாவுக்கு எதிராக எல்லையில் நின்றிருக்கிறது. பின்லாந்துப் படையின் உடைமை என்று காட்டும் எஸ்ஏ என்ற கட்டமிட்ட முத்திரையும் அதன்மேல் இருக்கும். இதற்குப் பிறந்த நிலை எது? 1890களா, 1942ஆ? எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதை அழித்தாக வேண்டும்.

சோவியத்திலேயே தங்கிவிட்ட மோசின்களின் கதையும் இதுதான். போர் முடிந்தபின் அவற்றைப் படைக்கலச் சாலைகளில் பிரித்து, பழுது பார்த்து, கட்டைக்கு அரக்கு பூசி, காஸ்மோலின் கிரீஸில் முக்கிக் கிடங்கில் அடுக்கினார்கள். சீர்செய்யப்பட்டது என்பதற்குக் குறுக்குக் கோடு போட்ட ஒரு சிறு கட்டத்தைக் குத்தினார்கள். பொருந்தாத எண்ணை ஒரு கோட்டால் அடித்துப் புது எண்ணைப் பொறித்தார்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இவை அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன. வாங்கியவர்களில் பலர் முதலில் செய்தது அந்தச் சிவப்பு அரக்கைச் சுரண்டியதுதான். மரத்தின் அழகு வெளியே வந்தது என்று மகிழ்ந்தார்கள். அரக்கோடு போனது, இன்னொரு போர் வரும் என்று பயந்து கோடிக்கணக்கில் ஆயுதத்தைப் பூட்டிவைத்த ஓர் அரசின் கைரேகை.

ஜப்பானிய அரிசாகாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ரிசீவரின் உச்சியில் பதினாறு இதழ்ச் செவ்வந்தி பொறித்திருக்கும், பேரரசரின் சின்னம். 1945இல் சரணடைந்தபோது, துப்பாக்கிகளை ஒப்படைக்கும் முன் அந்தப் பூவை அரத்தாலும் அரவைக் கல்லாலும் தேய்த்து அழித்தார்கள். போர்க்களத்தில் கைப்பற்றியவற்றில் பூ இருக்கும், சரணாகதியில் கொடுத்தவற்றில் பெரும்பாலும் காயம் இருக்கும். அந்தக் கீறலைப் பாருங்கள். அவசரமாகவும் கோணலாகவும் இருக்கும். சிலவற்றில் இரண்டு இதழ்கள் தப்பியிருக்கும். தோற்றுப்போன ஒரு படையின் கடைசி உழைப்பு அது. அந்தக் காயத்தைச் சமப்படுத்திப் பூவைத் திரும்பப் பொறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே 1945இல், பொருள் தட்டுப்பாட்டில், இரும்புக்குப் பதில் மரத்தாலான அடித்தகடும் அரைகுறையாக இழைத்த கட்டையுமாக வந்த துப்பாக்கிகள் உண்டு. அவற்றில் உளித்தடம் அப்படியே தெரியும். அந்த முரட்டுத்தனமே அந்த ஆண்டின் ஜப்பான். அதையும் ஒருவர் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக் காட்டுகிறார், கீழே பாராட்டு குவிகிறது.

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, ஆவணம் பார்த்துத்தான் செய்கிறோம் என்று சொல்லும் ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் அவர்கள் படித்தவர்கள். அமெரிக்க எம்1 கேரண்ட் 50 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்கும் கொரியப் போருக்கும் பின் ராணுவப் பட்டறைகளில் அவற்றைக் கழற்றிப் பாகங்களைக் குவித்து, கைக்கு வந்ததை எடுத்துத் திரும்பச் சேர்த்தார்கள். கட்டையில் அந்தப் பட்டறையின் முத்திரையைக் குத்தினார்கள். இன்று சேகரிப்பாளர் செய்வது என்ன? ஒவ்வொரு பாகத்திலும் வரைபட எண் இருக்கிறது: போல்ட்டில் டி28287, இயக்கத் தண்டில் டி35382, பக்கத்தில் திருத்த எண். ரிசீவரின் வரிசை எண்ணைக் கொண்டு அது பிறந்த மாதத்தைக் கணக்கிட்டு, அந்த மாதத்துக்கு எந்தத் திருத்த எண் பொருந்துமோ அந்தப் பாகத்தைத் தேடி விலைகொடுத்து வாங்கிப் பொருத்துகிறார். முடிந்ததும் அதற்கு ‘கரெக்ட்’ என்று பெயர்.

அந்தப் பாகங்கள் போரில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அப்படி ஒரு துப்பாக்கி எந்தச் சிப்பாயின் தோளிலும் தொங்கவில்லை. 1944இல் இருந்திருக்கக்கூடிய ஒன்றை இன்றைக்குத் தயாரித்து, 1944இல் இருந்தது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பட்டறை முத்திரை உள்ள கட்டை பரணுக்குப் போகிறது. இதற்கு அறிவும் பொறுமையும் பணமும் தேவைப்படுகின்றன என்பது உண்மை. கள்ளப் பத்திரம் எழுதவும் அவை தேவைப்படுகின்றன. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் இன்று ‘கரெக்ட்’ ஆக்கியவர் நாளை இறந்துபோவார். அடுத்து வாங்குகிறவருக்கு அது மாற்றப்பட்டது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர் அதைப் பார்த்து, 1944இல் இந்தப் பாகம்தான் வந்தது என்று குறித்துக்கொள்வார். அழித்தது ஒரு துப்பாக்கியை மட்டும் அன்று. அதைக்கொண்டு மற்றவற்றைப் படிக்கும் வழியையும் சேர்த்து.

இந்தியாவின் இஷாப்பூர் துப்பாக்கிகளைப் பற்றி எனக்குத் தனி ஆதங்கம் உண்டு. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள அந்தத் தொழிற்சாலை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லீ என்ஃபீல்டு செய்தது. முதலில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும், குடியரசான பின் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும். ஒரு நாட்டின் ஆட்சி மாறியதை ஓர் இரும்பு வளையத்தில் படிக்கலாம். இவற்றில் சிலவற்றின் முன்கட்டையைச் சுற்றி நெருக்கமாகச் செம்புக் கம்பி சுற்றி ஈயத்தால் பற்றவைத்திருக்கும். வாயில் கிண்ணம் பொருத்தி எறிகுண்டு எறியப் பயன்பட்டவை அவை. ஒவ்வொரு முறையும் குழலும் கட்டையும் வாங்கும் அடி பெரிது. தெறித்தால் சிப்பாயின் இடது கை போய்விடும். அந்தக் கைக்காகத்தான் கம்பி. உபரியாகக் கடல் கடந்துபோன இத்துப்பாக்கிகளில் கம்பியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கட்டையைச் சுத்தமான லீ என்ஃபீல்டாக ஆக்குகிறவர்கள் சிப்பாயின் மரியாதை பற்றிப் பேசுகிறார்கள். யாரோ ஒரு இந்தியப் பட்டறைக்காரர் யாரோ ஒரு சிப்பாயின் விரல்களை நினைத்துச் சுற்றியது அது. பெயர் தெரியாத அந்த இருவரும் விட்டுச்சென்ற தடயம் வேறு எங்கும் இல்லை.

மரத்தில் கை பிடிக்கும் இடத்தில் ஏறியிருக்கும் கருமையும் அப்படித்தான். வியர்வையும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் ஊறிய இடம் அது. சிப்பாய்க்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாள் முதலில் துடைத்தெடுப்பது சிப்பாயைத்தான். ஜெர்மானிய, ஜப்பானியத் துப்பாக்கிகள் சிலவற்றின் கட்டை இரண்டாக வெட்டியிருக்கும். வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் அதைத் துணிமூட்டைக்குள் அடக்க, வெட்டு தெரியாதபடி இரும்புப் பட்டைக்கு அடியில் அறுத்தது. அந்தக் கட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கட்டை வாங்கிப் போடுகிறார்கள்.

மோசின் மூன்று கோடிக்கு மேல் செய்யப்பட்டது, ஒன்றிரண்டு போனால் என்ன என்பது வழக்கமான பதில். இதே பதிலை 1950களிலும் 60களிலும் சொன்னார்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியை நிறுத்தும் வரை அமெரிக்காவில் உபரித் துப்பாக்கி மலிவாகக் குவிந்து கிடந்தது. அன்றைய ஆட்கள் லீ என்ஃபீல்டின் முன்கட்டையை அறுத்து, மான் வேட்டைக்கு ஏற்றபடி இலேசாக்கினார்கள். எத்தனையோ கிடக்கிறதே என்றார்கள். அறுத்த கட்டைக்கு ஈடாக இன்னொரு பழைய கட்டையைத் தேடி இன்றைய தலைமுறை அலைகிறது. அந்தத் தேடலை நான் குறை சொல்லவில்லை. வேட்டைக்காக அறுத்ததை ராணுவ உருவத்துக்குத் திருப்புவதில் இழப்பதைவிடப் பெறுவது அதிகம். அதையும் ஒரு தாளில் எழுதிக் கட்டைக்குள் வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அறுத்தவர்களைத் திட்டிக்கொண்டே தேய்க்கிறவர்களுக்கு, இரண்டும் ஒரே வேலை என்பது ஏன் தெரியவில்லை?

இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். படரும் துருவை எண்ணெய் போட்டு மெல்லத் துடைத்து நிறுத்துங்கள். காஸ்மோலினை எடுத்துவிடுங்கள். கழற்றும்போது கட்டைக்குள் ஒளிந்திருக்கும் முத்திரைகளையும் வாலுக்கு அடியில் உள்ள ஆண்டையும் படம் எடுத்து வையுங்கள். பாகம் எதையாவது மாற்றினால், எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதி, கழற்றியதையும் கூடவே வையுங்கள். உப்புத்தாளைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.